ஓய்வு நேரம்: நாள் முழுவதும்

குற்றாலலிங்கத்தின் வீட்டுக் கணினி ஒரு கோப்பைத் திறந்து முடிப்பதற்குள் ஒரு மனிதன் குளித்து, உடுத்தி, திருநீறு பூசி, எந்தக் கோப்பைத் தேடினோம் என்பதையும் மறந்துவிடலாம். அதை அவர் பொறுத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் அது மானத்தை வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாளையங்கோட்டை பொருநைச் சோலை அடுக்ககத்தின் சங்கத் தலைவர் அவர். எந்த ஊரில் எத்தனை பேர் என்னென்ன வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் இலாகா ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் பலகையில் பெயர் சிறியதாகவும் பதவி பெரியதாகவும் இருக்கும். ஆண்டறிக்கை வாசிக்கத் தன் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை சுவரில் விரியும் என்று அறிவித்துவிட்டுக் கணினிக்கு உத்தரவு போட்டார். சுவரில் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. உறுப்பினர்கள் போண்டா தின்றார்கள், தண்ணீர்ப் பிரச்சினை பேசினார்கள், அதற்கு முடிவும் கண்டார்கள், கை கழுவிக்கொண்டு எழுந்தார்கள். "தலைவரே, அது தெறந்தா எங்களுக்கும் அனுப்புங்க" என்று பொருளாளர் செருப்பைத் தேடியபடி சொன்னார். குற்றாலலிங்கத்தின் மனைவி சண்முகவடிவு, தட்டுகளை எடுக்க வந்தவள், அறிக்கையில் உள்ளதைத் தான் வேண்டுமானால் வாயால் சொல்லிவிடட்டுமா என்று காதோடு கேட்டாள். அவர் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டாள். இவளுக்கு எப்படி அறிக்கை தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவை தோன்றாமல் போவது பெரிய மனிதர்களுக்கு இயல்பு.

மறுநாள் முதல் வைத்தியம் நடந்தது. பழைய படங்களை அழித்தார். பேத்தியின் மழலைப் பேச்சுப் பதிவுகள் நாற்பது போயின. பெட்டியின் முதுகைத் திறந்து தூசி தட்டினார். அதன் தலைமாட்டில் ஒரு மின்விசிறி வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை குங்குமமும் வைத்தார். பூனாவில் இருக்கும் மகள் ஆதிரை, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்களேன் என்றாள். அது பணி நிறைவு விழாவில் மேடையில் வைத்துக் கொடுத்த கணினி. அதை மாற்றுவது தன்னையே மாற்றுவதற்குச் சமம் என்று அவர் பதில் சொன்னார். அதைவிட முக்கியமாக, அதற்குள் அவருடைய சுயசரிதை இருந்தது. ஆயிரத்து நானூறு பக்கம். அதில் இப்போதுதான் உதவி இயக்குநராகியிருந்தார்.

'விரைவகம்' என்ற நிறுவனத்திலிருந்து ஜெபசிங் வந்தது அப்படித்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் பலகைக் கணினி, வாயில் "சார்".

"கம்ப்யூட்டர்ல பழுது ஒண்ணுமில்ல சார். அதுக்கு யோசிக்கத் தெம்பு இல்ல, அவ்வளவுதான். அந்தத் தெம்பு உங்க வீட்டுலயே சும்மா கெடக்கு" என்றான்.

"எங்க கெடக்கு?"

"உங்க தலையில சார்." அவன் அவசரமாக விளக்கினான். எல்லார் வீட்டையும் போல இங்கேயும் ஆளுக்கொரு செவிமணி காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதன் வழியாகத்தானே கணினியோடு பேசுகிறோம். அதே வழியில் கணினியும் திரும்ப வரலாம். நாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மூளையின் பெரும்பகுதி வேலையில்லாமல் இருக்கிறது. அந்த நேரத்துக்கு மட்டும் அதை இரவல் எடுத்துக்கொண்டால் கணினி பறக்கும். தூக்கத்தில் கை வைப்பதில்லை. சாதாரண வீட்டில் ஆளுக்கு அரை மணி கொடுப்பார்கள். வலிக்காது, தெரியவே தெரியாது. ஒப்பந்தம் மூன்று வருடம்.

குற்றாலலிங்கம் தன் மூளையை இரவல் கொடுப்பதாக இல்லை. அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு சாதாரணக் கணினியால் முடியுமா என்பது அவருடைய கவலை. ஆனால் படிவத்தைக் கண்டதும் கை பரபரத்தது. முப்பத்திரண்டு வருடம் படிவங்களோடு வாழ்ந்த கை. குடும்பத் தலைவர் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிக் கையெழுத்திடலாம் என்று போட்டிருந்தது. வேறு யார் நிரப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டார். தன் வரிசையில் சங்கத் தலைவர், நூலாசிரியர், நடைப்பயிற்சிக் குழுவின் புரவலர், பொது விவகாரங்களில் ஆலோசகர் என்று விடியல் முதல் இரவு வரை எழுதி, ஓய்வு நேரம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டார்.

அடுத்தது மனைவி. இலாகாவில் அவருடைய கையேட்டில் இதற்குத் தெளிவான விதி இருந்தது. சம்பளமும் இல்லை, விளைச்சலும் இல்லை என்றால் வேலை செய்யாதோர். லட்சக்கணக்கான பெண்களை அப்படி எண்ணித் தள்ளிய அனுபவத்தில், யோசிக்காமலே எழுதினார்: வேலை, இல்லை. ஓய்வு நேரம், நாள் முழுவதும்.

சண்முகவடிவு காபி கொண்டு வந்து வைத்தாள். "என்ன எழுதுதிய?" என்று கேட்டாள்.

"உன்னப் பத்தி ஒண்ணுமில்ல" என்றார். அது உண்மைதான்.

மறுநாள் காலை கணினி பறந்தது.

கோப்புகள், அவற்றின் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் திறந்தன. ஆண்டறிக்கையை எட்டுப் பக்கமாகச் சுருக்கி, இதைத்தான் எல்லாரும் படிப்பார்கள் என்று பணிவாகச் சொன்னது. பத்தரைக்கு, ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினாரா என்று கேட்டது. சமையலறையில் பெருங்காயம் தீரப்போகிறது என்றது. அவர் மாடியெல்லாம் ஏறி இறங்கி ஒவ்வொரு வீட்டாரையும் அழைத்து வந்து காட்டினார். இப்படி ஒரு கணினியைப் பார்த்ததே இல்லை என்று பொருளாளர் ஒப்புக்கொண்டபோது, அதைத் தானே கண்டுபிடித்தவர் போல ஒரு சிரிப்புச் சிரித்தார். விரைவகத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசியவர்கள், இந்த மண்டலத்திலேயே இவ்வளவு தரமான மூளை பதிவானதில்லை, வீட்டில் கணிதப் பேராசிரியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். குடும்பப் பாரம்பரியம் என்று சொல்லி வைத்தார்.

ஒரே ஒரு இடம் உறுத்தியது. சுயசரிதையில், வெள்ளத்தின்போது படகில் போய் மக்களைக் கணக்கெடுத்த அத்தியாயத்துக்கு ஓரத்தில் கணினி ஒரு குறிப்பு எழுதியிருந்தது. 'அந்த வாரம் நீங்கள் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தீர்கள். வேப்பிலை வேண்டாம் என்று அடம் பிடித்தீர்கள்.' இது கணினிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு, நல்ல கணினிக்கு எல்லாம் தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டு, குறிப்பை அழித்தார். படகு தப்பியது.

சண்முகவடிவிடம் மாற்றம் வந்ததை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காபி வெறும் பாலாக வந்தது. ஐந்தாம் நாள் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நின்றாள். பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். மீதி வரவே இல்லை. எதற்குக் கோபித்துக்கொண்டாள் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாளில் தானாகத் தணியும் என்பது முப்பத்து மூன்று வருட அனுபவம். எப்படித் தணிந்தது என்று ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

ஒன்பதாம் நாள், வீட்டு வேலைக்கு வரும் இசக்கியம்மாள் கையில் துடைப்பத்தோடு அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். வழக்கமாக அந்த அறைக்குள் பார்க்கக்கூட மாட்டாள்.

"ஐயா, செத்த வந்து பாருங்க. அம்மா கண்ணுல ஆளு இல்ல."

அடுக்களையில் சண்முகவடிவு கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. இசக்கி ஓடிப்போய் அணைத்தாள். "ஏ வடிவு" என்று கூப்பிட்டார். முகம் அவர் பக்கம் திரும்பியது, ஒலி வந்த திசைக்குச் செடி திரும்பினால் எப்படியோ அப்படி. கண்கள் அவர்மேல் பட்டு, நிற்காமல் பின்னால் இருந்த சுவருக்குப் போயின. குற்றாலலிங்கம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அறையிலிருந்து கணினியின் குரல் தெளிவாகக் கேட்டது: எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், கைப்பிடித் துணி இடதுபக்க ஆணியில் தொங்குகிறது.

துணி அங்கேதான் தொங்கியது.

ஜெபசிங் அரை மணியில் வந்தான். சண்முகவடிவைப் பார்த்தான். பிறகு படிவத்தை எடுத்துப் பார்த்தான். அதன்பின் "சார்" வரவில்லை கொஞ்ச நேரம்.

"நாள் முழுக்கன்னு போட்டிருக்கிய."

"விதிப்படி அது சரிதான்" என்று குற்றாலலிங்கத்தின் வாய் சொல்லியது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம். அது அவர் சம்மதம் கேட்கவில்லை.

"யாரும் நாள் முழுக்கப் போட மாட்டாவ சார். போட்டா எடுத்துக்கிடும். அதுக்கு என்ன தெரியும்?"

செவிமணியைப் பிடுங்கிவிடு என்றார். பிடுங்கினால் அங்கே போனது அங்கேயே நின்றுவிடும் என்றான். அப்படியானால் அவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லும்போதே அது ஒரு பெரிய தியாகமாக அவருக்குப் பட்டது. சுயசரிதையில் தனி அத்தியாயம் வரும். ஜெபசிங் தரையைப் பார்த்தான்.

"மொத நாளே ரெண்டு பேரையும் அஞ்சு நிமிசம் சேத்துச் சோதிச்சுப் பாப்போம் சார், அது வழக்கம். உங்களச் சேத்தப்ப கம்ப்யூட்டர் முன்னைவிட மந்தமாச்சு."

குற்றாலலிங்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஒரே வழிதான் இருந்தது. எழுதியது தப்பு என்று திருத்த வேண்டும். அதற்கு அவளுடைய ஒரு நாளை, எழுந்ததிலிருந்து படுப்பது வரை, மணிக்கு மணி அவள் என்ன செய்வாள் என்று குடும்பத் தலைவர் எழுதித் தர வேண்டும். கணினி அதை அவளுடைய நினைவோடு ஒத்துப் பார்க்கும். சரியானால் கட்டம் பச்சையாகி அந்த மணி அவளுக்குத் திரும்பும். ஒரு கட்டத்துக்கு மூன்று தடவை தப்பினால் அது பூட்டிக்கொள்ளும்.

"ஆள் மாறாட்டம் நடந்துறக் கூடாதுல்லா சார். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரே இருப்புல எல்லாத்தையும் முடிக்கணும். பாதியில விட்டா முப்பது நாளைக்குத் தெறக்காது." முப்பது நாளில் என்னவாகும் என்று குற்றாலலிங்கம் கேட்டார். சுவரோரம் உட்கார வைத்திருந்த சண்முகவடிவைப் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

"இவ்வளவுதானா? என் சம்சாரம் என்ன செய்யுதான்னு எனக்குத் தெரியாதா?" என்று குற்றாலலிங்கம் கணினியின் முன் உட்கார்ந்தார். மாநிலத்தின் ஏழு கோடிப் பேரின் வேலையை வகைப்படுத்தியவர் அவர்.

காலை ஐந்து மணி: காபி போடுதல். சிவப்பு.

இசக்கியைக் கூப்பிட்டார்கள். காபி ஆறேகாலுக்கு என்றாள் அவள். ஐந்து மணிக்கு அம்மா மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள். சங்கத்தில் மோட்டார் போடுகிறவன் தூங்கிவிடுவானாம். மொத்த அடுக்ககத்துக்கும் விடிகாலையில் மோட்டார் போடுவது அம்மாதான். பச்சை. தண்ணீர்ப் பிரச்சினைக்காக ஆறு கூட்டங்கள் நடத்திய தலைவர் அடுத்த கட்டத்துக்குப் போனார். ஒன்பது மணி, பத்து மணி எல்லாம் இசக்கி சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

பதினொரு மணிக் கட்டத்துக்கு ஆதிரையைத் தொடர்புகொண்டார்கள். அவள் விஷயத்தைக் கேட்டு முதலில் அழுதாள். பிறகு அப்பாவை ஒரு வார்த்தைகூடத் திட்டாமல், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது, சொன்னாள்: "பதினோரு மணிக்கு அம்மா எனக்குப் பேசுவா. உங்க நோட்டீஸு, அறிக்கை, அந்தப் புஸ்தகம், எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டித் திருத்துவா. உங்க காதுக்கு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

பச்சை.

ஒவ்வொரு கட்டம் பச்சையாகும்போதும் கணினி கொஞ்சம் மந்தமானது. இரவலாக வந்தது திரும்பிப் போகிறதே. மதியம் பன்னிரண்டு மணிக் கட்டத்தைத் தாண்டியபோது எழுத்துகள் தட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பழைய வட்டம் சுழல ஆரம்பித்தது. அந்த வட்டத்தைப் பார்த்து அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நிம்மதி வந்தது. சண்முகவடிவு புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். நாலு, ஐந்து, ஆறு என்று மாலைக் கட்டங்களும் நிரம்பின; ஏழு மணிக்கு அவருடைய தோல்செருப்பை எண்ணெய் போட்டுத் துடைப்பாள் என்பதை அவரே நினைவுபடுத்தி எழுதினார். அது ஒன்று அவராகச் சொன்னது.

நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. மூன்று மணி முதல் நான்கு மணி.

இசக்கி இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். ஆதிரை பன்னிரண்டு மணிக்கே அலுவலகம் போய்விடுவாள். அவர் இரண்டேமுக்காலுக்கு முத்திரையை எடுத்துக்கொண்டு கீழே சங்க அறைக்குப் போய் நாலரைக்குத்தான் வருவார், ஞாயிறு உட்பட. கணினியிடமே கேட்டார். அது சண்முகவடிவின் அந்தரங்கம், சரியா தப்பா என்று மட்டும்தான் சொல்லலாம் என்றது. சொல்லி முடிக்க அரை நிமிடம் எடுத்தது.

"தூங்குவாளா இருக்கும்ப்பா, பாவம்" என்றாள் ஆதிரை. எழுதினார். வட்டம் வெகுநேரம் சுழன்றது. சிவப்பு.

பக்கத்து வீட்டுக்காரியை விசாரித்தார்கள். அந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கும், ஏதோ முணுமுணுப்பு கேட்டிருக்கிறது, பூசையாக இருக்கலாம் என்றாள். பாராயணம் என்று எழுதினார். வட்டம் சுழன்றது. சிவப்பு.

ஜெபசிங் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "சார், நல்லா யோசிச்சு. தப்பினா மூணு வருசம் பூட்டு. அதுக்குள்ள அந்த வழி தூந்து மூடிக்கிடும், பொறவு தெறந்தாலும் ஒண்ணும் இருக்காது."

குற்றாலலிங்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை மூன்று மணிகள். ஒன்றில்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. காய்ச்சலில் இருந்திருக்கிறார், விடுமுறையில் இருந்திருக்கிறார். அப்போதெல்லாம் அவள் அவருக்குக் கஞ்சி வைத்திருப்பாள், காபி போட்டிருப்பாள். அவர் இல்லாத மூன்று மணியில் அவள் என்ன செய்வாள்? அவர் இல்லாத நேரத்தில் அவள் இருந்தாள் என்பதே புதுச் செய்தி போலத் தாக்கியது. மனம் துழாவிக் கடைசியில் ஒரு விடையைக் கொண்டு வந்தது. அது அவருக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றியது, கண்கூட ஈரமானது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: கணவரின் வரவுக்காகக் காத்திருத்தல்.

வட்டம் சுழன்றது. ஜெபசிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிவப்பு. கட்டத்தின் மேல் ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. மற்ற எல்லாக் கட்டங்களும் பச்சையாக மின்னின. சுவரோரத்தில் சண்முகவடிவு பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

"இசக்கி போயிட்டாளா? ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கிய? இந்தத் தம்பிக்குக் காபி குடுத்தாச்சா?"

அவள் முழுசாகத் திரும்பிவிட்டாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். காபியில் டிகாக்ஷன் இருந்தது. மோட்டார் ஐந்து மணிக்கு ஓடியது. நடந்ததைச் சொன்னபோது, படகு அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டார். மூன்று மணி முதல் நான்கு வரை அவள் நாற்காலியில் கல் மாதிரி இருப்பாள். ஒரு மணி நேரம்தானே என்று பொருளாளர் ஆறுதல் சொன்னார்.

குற்றாலலிங்கம் சங்க அறைக்குப் போவதை நிறுத்தினார். மூன்று மணிக்கு என்ன செய்வாய் என்று காலையில் கேட்டுப் பார்த்தார், மதியச் சோற்றில் கேட்டுப் பார்த்தார். அவள் புருவம் சுருக்கி யோசித்தாள். "ஒண்ணுமில்லையே. ஏன் கேக்கிய?" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை.

ஆனால் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒன்று நடந்தது. அவள் முகம் கழுவினாள். தலையை வாரிக்கொண்டாள். வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாள். நாற்காலியை வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பிப் போட்டு, புடவையை நீவிவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு முகத்தை அவர் கல்யாணத்திலும் பார்த்ததில்லை, மகள் பிறந்தபோதும் பார்த்ததில்லை.

நாலாம் நாள் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"வடிவு, இப்ப என்ன செய்யப் போற?"

அவள் அவரைப் பார்த்தாள். இரக்கமா, கூச்சமா, குறும்பா என்று சொல்ல முடியாத பார்வை. மடியில் இருந்த விரல்கள் எதையோ தொடங்குவதுபோல மெல்ல உயர்ந்தன.

"உங்ககிட்ட நான் சொன்னதே இல்லையா? சிரிக்கக் கூடாது, என்ன" என்றாள். "சொல்லுதேன், இருங்க. நான் வந்து..."

விரல்கள் உயர்ந்தபடியே நின்றன. உள்ளறையில் கணினி, யாரும் கேட்காமலேயே, ஒரே மூச்சில் விழித்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அதைவிட வேகமான கணினி பாளையங்கோட்டையில் வேறு இல்லை.